எந்நூலை முதற்கண் ஓதுவது?

சைவ அன்பர் இருவர் ஓரிடத்துக் கூடின், நலம் வினவிய பின்னர், ‘அண்மையில் யாது படித்தீர்?’ என்று ஒருவர் கேட்பதும், மற்றவர் தம் நெஞ்சிற்கு இனிய நூலொன்றைக் கூறி, ‘அதனைத் தாங்களும் ஓதியே தீர்தல் வேண்டும்’ என்று வற்புறுத்துவதும் நாம் நாளும் காண்பனவாம். ஈது நல்வழக்கே; இதனாற் பயன் பெற்றாரும் பலர். ஆயினும் இவ்வழக்கின்கண் நேரும் பிழையொன்று சித்தாந்தம் பயில வந்தாரைத் தொடக்கத்திலேயே வெருட்டி விடுதலின், அதனை ஈண்டு ஆராய்தல் இன்றியமையாததாயிற்று.

சிறப்புப் பாயிரத்திற்கு உரியனவாக நன்னூலார் வகுத்த எட்டனுள் ‘கேட்போர்’ என்பதும் ஒன்று. இந்நூல் யாவர் கேட்டற்கு உரியது என்பதனை உரையாதாயின் பாயிரம் நிரம்பாது. நம் அன்பர்களோ ஒரு நூலைப் பிறர்க்கு எடுத்துரைக்குங்கால் நூற்பெயரையும் ஆசிரியர் பெயரையும் கூறுவர். பயனையும் வாயாரப் புகழ்வர். எதிரே நிற்குங் கேட்போனை மட்டும் மறந்து விடுவர்.

யாம் இளமையிற் பட்டறிந்தது இது. சித்தாந்தம் பயில விரும்பிக் கற்றறிந்த முதியவர் ஒருவரை அணுகி, எந்நூலில் தொடங்குவது என வினவினேம். அவர் சிறிதும் தாழாது சிவஞானபோதச் சிற்றுரையை எடுத்துக் கொடுத்து, ‘சாத்திரங்களுக்கெல்லாம் தலையாயது இது, தம்பி! இதனை ஓதினால் ஏனைய தாமே விளங்கும்’ என்றார். முதற் சூத்திரத்தை வைத்துக் கொண்டு மூன்று திங்கள் உழன்றேம். மேற்கோள் யாது, ஏது யாது என்றே அறியாத எமக்கு அந்நூல் அடைத்த கதவாய் நின்றது. குறை எம் அறிவினதே எனத் துணிந்து நூலை மூடி வைத்தேம். மீளத் திறப்பதற்கு ஆறு ஆண்டுகள் சென்றன.

சிவஞானபோதம் 12 சூத்திரங்களாய் 40 அடிகளில் முடிவது. அளவிற் சிறியதாகலின் தொடங்குவார்க்கு எளிதாம் என மயங்குவாரும் உளர். அச்சுருக்கமே அதன் அருமை. பல சமயத்தாரோடு வழக்கிட்டுக் கண்ட முடிபுகளை அதன் ஒவ்வொரு சொல்லும் தாங்கி நிற்கின்றது. அவ்வழக்குகளை அறியாதானுக்குச் சொற்களே எஞ்சும். அதனை விரித்து உணர்த்தவன்றோ அருணந்தி சிவாசாரியார் சித்தியாரை அருளிச் செய்ததும், 18-ஆம் நூற்றாண்டிலே மாதவச் சிவஞான முனிவர் மாபாடியம் இயற்றியதும்?

அற்றேல், முதனூலை விடுத்து வழிவந்த நூல்களில் தொடங்குதல் முறையாமோ எனின், நூல்களின் தலைமை முறை வேறு, ஓதும் முறை வேறு என்க. திருக்கோயிலிற் கருவறையே தலைமையுடையது. எனினும் கோபுர வாயிலைக் கடவாது ஆண்டுச் செல்வார் யார்?

அவ்வாயிலாவதற்கு உரியது உண்மை விளக்கமே என்பது எம் துணிபு. மெய்கண்டாரின் மாணவராகிய மனவாசகங் கடந்தார் அருளிய இச்சிறுநூல், காப்புடன் 54 வெண்பாக்களால் இயன்றது. மாணவர் வினவ ஆசிரியர் விடையிறுப்பதாக நடத்தலின், ஓதுவான் தன் உள்ளத்து எழும் ஐயங்களையே ஆண்டுக் கேட்கின்றான். தத்துவங்கள் 36 ஆவன யாவை, ஆணவம் யாது, வினை யாது, நான் யார், நீ யார், நின் கூத்து எத்தகையது, ஐந்தெழுத்தின் பொருள் என்னை, முத்தி யாது என வினாக்கள் ஒன்றன்பின் ஒன்றாய் நிரல்பட வருகின்றன. இந்நூற்கும் குறை இல்லாமலில்லை. தொடக்கத்திலேயே ஐம்பூதங்களின் வடிவும் நிறமும் எழுத்தும் வகுத்துரைக்கப்படுதலின், புதிதாய் ஓதுவார் சிலர் ஆண்டே களைத்து விடுவர். அப்பகுதியை விரைந்து கடந்து, ‘நான் யார்’ என்னும் வினாவிற் சென்று நிற்க என்று, நூலைக் கொடுப்பவரே சொல்லிக் கொடுத்தல் வேண்டும். மற்றொன்று, காரணங் காட்டிப் பிறர் மதம் மறுத்தல் இந்நூலின் நோக்கமன்று. ‘ஏன்’ என்று இடையறாது கேட்கும் இயல்பினர்க்கு இது நிரம்பாது.

அடுத்து வைக்கத்தக்கது உமாபதி சிவாசாரியாரின் திருவருட்பயன். பத்து அதிகாரம், அதிகாரத்திற்குப் பத்துக் குறள். திருக்குறளிற் பயின்ற செவிக்கு யாப்பும் புதிதன்று. அரிய பொருளை அன்றாடக் காட்சியால் விளக்குந் திறத்தில் இதனோடு ஒப்பது பிறிதில்லை என்பேம். இருள்மல நிலையில் ஆணவத்தைப் புறவிருளோடு ஒப்பிட்டு வேறுபடுத்துமிடம் ஒன்றே சாலும். புறவிருள் பொருள்களை மறைப்பினும், ‘இருள் உளது’ என்றாவது தன்னைக் காட்டும். ஆணவமோ பொருளையும் காட்டாது, தன்னையும் காட்டாது. இதனை ஓரிரவு விளக்கணைத்து அமர்ந்து எண்ணிப் பார்த்தவர்க்கு, வேறோர் உரையாசிரியர் துணை வேண்டாவாம்.

வாதத்தில் விருப்பமுடையார்க்குச் சித்தியார் சுபக்கம் ஏற்றது. அதிலும் முன்னுள்ள அளவைப் பகுதியைப் பின்னர் ஓதலாம். பதினான்கு சமயங்களை மறுக்கும் பரபக்கத்தைத் தொடக்கத்திற் கொடுத்தலாகாது. தன் வீட்டை அறியுமுன் அயலார் வீட்டுப் பூசலிற் புகுத்தியது போலாம் அது. சங்கற்ப நிராகரணத்திற்கும் இதுவே ஒக்கும்.

கேட்போரை அறிந்து நூல் தந்த பெரியாரும் நம்மிடை இருந்தனர். வண்ணார்பண்ணையில் 1849-இல் அச்சுக்கூடம் நிறுவிய ஆறுமுக நாவலர், செய்யுளிற் பெரும்புலமை வாய்ந்தவராயினும், பெரிய புராணத்தை 1852-இல் உரைநடையாக்கி வெளியிட்டார். சிறார்க்கெனச் சைவ வினாவிடை எழுதினார். சே. எம். நல்லசாமிப் பிள்ளையவர்கள் 1895-இல் சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் வெளியிட்டபோது, யாம் மேலே மறுத்தவாறே முதனூலிலேயே தொடங்கினாரெனினும், வெறும் மொழிபெயர்ப்போடு அமையாது விளக்கக் குறிப்புக்களையும் உடன் சேர்த்தார். எமக்கு நூல் தந்த முதியவர் செய்யாது விட்டது அதுவே. அவர்மேல் எமக்கு வருத்தமில்லை. தமக்கு இனியதனை ஈந்தார், எம்மைப் பாராது ஈந்தார், அவ்வளவே.

சென்ற ஆண்டு கல்லூரி மாணவர் ஒருவர் எம்மிடம் வந்து அதே வினாவைக் கேட்டனர். யாது படித்துள்ளீர், எவ்வையத்தால் இங்கு வந்தீர் என்று முதலில் யாமே வினவினேம். பின்னர் உண்மை விளக்கத்தைக் கொடுத்து, விரைந்து கடக்க வேண்டிய பாடல்களைக் கரிக்கோலாற் குறித்தும் அனுப்பினேம். ஒரு திங்கள் கழித்து வந்தவர், குறித்த பாடல்களையே முதலில் ஓதியதாகவும், பூதங்களின் வடிவம் பற்றியே ஐயம் மிக்கதாகவும் கூறினார்! எம் கணக்கு அவரிடத்துப் பிழைத்தது. இப்பொழுது அவர் திருவருட்பயனில் ஏழாம் அதிகாரத்தில் இருக்கின்றார். மாபாடியம், அவர் வாய்திறந்து கேட்குங்காறும், எம் அலமாரியிலேயே இருக்கும்.