‘குட்டி ஜப்பான்’ எனும் புகழுரை

சிவகாசியைக் ‘குட்டி ஜப்பான்’ என்கிறார்கள். பண்டித நேரு சூட்டிய பெயர் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. மேடைதோறும் அந்தப் பெயர். விழா மலர்தோறும் அந்தப் பெயர்! சூட்டியவர் யாராயினும் ஆகுக. அந்தப் பெயர் எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்று கேட்பது நம் கடமை.

வழக்கமாகச் சொல்லப்படும் கதை இது: வானம் பொய்த்த கரிசல் காடு, ஈரமற்ற காற்று, அயராத மக்கள், ஆகவே தீப்பெட்டி, ஆகவே பட்டாசு. இதில் உண்மை இல்லாமல் இல்லை. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். கோயில் நுழைவு உரிமை கேட்ட குற்றத்துக்காக 1899-இல் தாக்கப்பட்ட சமுதாயம் அது. அதே வட்டாரத்து விருதுநகரில்தான் 1931-இல் சுயமரியாதை மாகாண மாநாடு கூடியது. தலைநிமிர்ந்து எழுந்த அந்த எழுச்சியை நாம் குறைத்துப் பேசவில்லை.

ஆனால், வெயில் 1922-இல் புதிதாக அடித்ததா? தலைமுறை தலைமுறையாக அடித்த வெயில், அந்தக் காலத்தில் மட்டும் தொழிலாக மாறியதேன்? வறட்சியையும் உழைப்பையும் மட்டுமே காரணமாகக் கூறி நிறுத்துவது, தலையெழுத்து என்று கூறி நிறுத்துவதற்கு மிகத் தொலைவில் இல்லை.

காரணம் உலகச் சந்தையில் இருந்தது. முதல் உலகப் போர் ஐரோப்பியத் தீக்குச்சியின் வரவைக் குறைத்தது. அந்த இடத்தைப் பிடித்தது ஜப்பான் தீக்குச்சி. போர் முடிந்தது, அரசின் கருவூலத்தில் பற்றாக்குறை. அதை நிரப்ப 1922-இல் வெள்ளை அரசு, இறக்குமதித் தீப்பெட்டியின் மீதிருந்த தீர்வையைக் குரோசுக்குப் பன்னிரண்டு அணாவிலிருந்து ஒன்றரை ரூபாயாக உயர்த்தியது. குரோசு என்றால் 144 பெட்டிகள். நம்மவர் வாழவேண்டும் என்ற கருணையால் உயர்த்தியதன்று, வரிப்பணத்துக்காக உயர்த்தியது. அந்த மதிலின் நிழலில்தான் உள்நாட்டுத் தீப்பெட்டி முளைத்தது.

பட்டாசின் கதையும் அதுவே. சீனாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வந்திறங்கிய வெடிகள் இரண்டாம் உலகப் போரில் நின்றன. 1940-இல் வெடிபொருள் விதிகள் வந்தன. உரிமம் பெற்ற ஆலைகள் எழுந்தன. 1942-இல் ஸ்டாண்டர்டு ஃபயர்வொர்க்ஸ் தோன்றியது. ஆம், ஜப்பான் விமானங்கள் விசாகப்பட்டினத்தின்மீது குண்டு வீசிய அதே 1942! சென்னை மக்கள் மூட்டை முடிச்சுகளுடன் ஊரைவிட்டு ஓடிய அதே ஆண்டு!

கடலுக்கு அப்பால் நடந்ததோ இன்னும் கொடியது. சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை போட, மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழரைப் பல்லாயிரக்கணக்கில் வாரிச் சென்றது ஜப்பான் இராணுவம். காலரா, பட்டினி, சவுக்கடி! 1943 அக்டோபரில் பாதை முடிந்தபோது காட்டில் புதைந்துகிடந்தோர் எத்தனை பேர் என்று சரியாக எண்ணி வைக்கவும் ஆளில்லை. மாண்ட வெள்ளைக் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. தமிழ்க் கூலிக்கு?

இத்தனைக்கும் பிறகு ‘குட்டி ஜப்பான்’ என்று நாம் பெருமிதத்தோடு சொல்லிக்கொள்கிறோம்! ஜப்பான் மக்கள்மீது நமக்குப் பகை இல்லை. இரோசிமாவில் எரிந்தவர்களும் ஏழை எளியவர்களே. நாம் எதிர்ப்பது, ஆலையின் பெருக்கத்தை மட்டும் எண்ணி ஆளின் கணக்கை எண்ணாத அந்த அளவுகோலை.

அந்த அளவுகோல் சிவகாசியிலும் அதே வேலையைத்தான் செய்தது. பெட்டி ஒட்டவும், சட்டத்தில் குச்சி அடுக்கவும் பிஞ்சு விரல்கள் தேடப்பட்டன. சிவகாசித் தீப்பெட்டி ஆலைச் சிறார் பற்றிய வழக்கில், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் முதலாளி செலுத்தவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது 1996-இல்! 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் 38 பேர் மாண்டனர். அவர்களில் பலர் ஆலையில் கூலி பெற்றவர்கள்கூட அல்லர், வெடியோசை கேட்டு ஓடிவந்த ஊரார். 2021-இல் அச்சங்குளம்.

நரகாசுரன் கதையை மறுக்கும் நாம், தீபாவளிக்கு வெடி வாங்குவதில்லை. சரி. ஆனால் அந்த வெடிக்கு மருந்து திணித்துக் கஞ்சி குடிப்பவள் நம் தங்கை. பண்டிகையை மறுத்ததோடு நம் வேலை முடிந்தது என்று இருந்துவிடும் தோழர்களும் உண்டு. அவர்கள் ஒருமுறை சாத்தூர்ப் பக்கம் போய் வரட்டும்.

இலக்கியத்தையும் கேட்கவேண்டும். சிங்கம்புணரியில் பிறந்த ப. சிங்காரம் 1972-இல் வெளிவந்த ‘புயலிலே ஒரு தோணி’யில் மேடானையும் பினாங்கையும் போர்க்காலத்தின் நடுவே நிறுத்திக் காட்டினார். பழம்பெருமை பேசும் தமிழனை அதில் அவர் குத்தியது நமக்கும் உறைக்கிறது, உறைக்கட்டும். மலேசியாவின் ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ எழுதினார். கடல் கடந்த போருக்கு இப்படிப் பேனாக்கள் கிடைத்தன. கப்பல் நின்றதால் கரிசலில் எழுந்த ஆலையின் கதையையோ விழா மலர்கள் எழுதுகின்றன. அவற்றில் நிறுவனர் படம் இருக்கிறது, விற்பனைப் பெருக்கம் இருக்கிறது, கூலிச்சீட்டு இல்லை. 1942-இல் பத்து வயதில் ‘தீப்பெட்டி ஆபீசு’க்குள் நுழைந்த சிறுமி உயிரோடிருந்தால், இன்று தொண்ணூறைத் தாண்டியிருப்பாள். அவளிடம் கேட்டு எழுத ஏடும் எழுதுகோலும் எடுத்துச் செல்லும் இளைஞர்கள் யார்?