ஒரு விழுக்காட்டுக்காக

காமா கதிர் கண்ணுக்குத் தெரியாது, காதுக்குக் கேட்காது, தோலுக்கும் உறைக்காது. அதனாலேயே அதை அளக்கும் வேலை அவ்வளவு நிதானத்தைக் கேட்கிறது. மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டு வந்த, கதிரை அளக்கும் அயனிக் கலம், சுண்டுவிரல் நுனியளவுதான் இருக்கும். மருத்துவமனையில், புற்றுநோய்ச் சிகிச்சைக்கான கோபால்ட்-60 கற்றையின் முன், நீர்த்தொட்டிக்குள் மில்லிமீட்டர் பிசகாமல் அதை நிறுத்துகிறார்கள். நீரும் அறையும் ஒரே வெப்பநிலைக்கு வரும்வரை காத்திருக்கிறார்கள். கலத்துக்குள் இருப்பது வெறும் அறைக் காற்று. 3 டிகிரி சூடேறினால் அது லேசாகி, கலம் காட்டும் அளவு ஏறக்குறைய 1 விழுக்காடு குறைந்துவிடும். வெப்பமானியும் காற்றழுத்தமானியும் பக்கத்திலேயே இருப்பது அதற்காகத்தான். கடைசி இலக்கத்தின் ஆட்டம் அடங்கும்வரை, மறுபடி மறுபடி படித்து எழுதும் அந்தப் பொறுமை அழகானது.

கோபால்ட்டின் அரை ஆயுள் 5.27 ஆண்டு என்று தெரிந்திருக்க, கணக்குப் போட்டாலே போதாதா என்று கேட்கலாம். மாதம் 1 விழுக்காட்டுக்குச் சற்று அதிகமாக அது தேய்வதைக் கணக்கு சொல்லிவிடும், உண்மைதான். ஆனால் கலத்தின் கம்பியில் மின்கசிவு உண்டா, கலம் இடம் மாறியதா என்பதைக் கணக்கு அறியாது. 80 செ.மீ. தூரத்தில் 4 மி.மீ. பிசகினாலே இன்னொரு விழுக்காடு போய்விடும். மருத்துவர் கிரே என்ற அலகில் எழுதித் தரும் கதிர் அளவு நோயாளியின் உடலில் சேர்வது, இப்படி அளந்து வைத்த எண்ணை நம்பித்தான்.