ப்ளுவா: இடிபடாமல் தப்பிய அழகு

பிரான்ஸில் லுவார் நதிக்கரையில் இருக்கும் ப்ளுவா அரண்மனையைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே உவமையைச் சொல்வார்கள்: பிரெஞ்சுக் கட்டடக்கலையின் பாடப்புத்தகம். முற்றத்தின் நடுவில் நின்று ஒரு சுற்றுச் சுற்றினால் போதும், பதிமூன்றாம் நூற்றாண்டிலிருந்து பதினேழு வரைக்கும் பார்த்துவிடலாம் என்பார்கள். வாஸ்தவம்தான். ஆனாலும் எனக்கு அந்த உவமை உறுத்துகிறது. பாடப்புத்தகத்தில் ஒரு பாடம் அடுத்ததுக்குக் கைகொடுக்கும். இங்கே ஒவ்வொருவரும் முன்னவருடைய பக்கத்தைக் கிழித்துவிட்டு எழுதப் பார்த்திருக்கிறார்கள்.

இருப்பதில் மூத்தது, ப்ளுவாவின் கோமான்கள் 1214வாக்கில் கட்டிய மண்டபம். நடுவில் ஒரு தூண்வரிசை, அதன் இருபுறமும் கவிழ்த்த படகு மாதிரி இரண்டு மரக்கூரைகள். அடுத்து, இதே ஊரில் பிறந்த பன்னிரண்டாம் லூயி. 1498இல் அரசரானதும் செங்கல்லும் வெள்ளைக்கல்லும் கலந்து ஒரு பகுதி எழுப்பினார். வாசலுக்கு மேல் அவருடைய சின்னமான முள்ளம்பன்றி. ஜன்னல்களில் கறாரான ஒழுங்கு கிடையாது. கோட்டையின் முறைப்பு போய், ஒரு வீட்டுக்களை வந்துவிட்டது.

1515இல் முதலாம் பிரான்சுவா பட்டத்துக்கு வந்தார். அவர் காலத்துப் படிக்கட்டுதான் எல்லாப் புகைப்படங்களிலும் இருப்பது. சுழல்படி என்பது இடைக்காலக் கோபுரங்களின் பழைய சங்கதி. இங்கே அதை எண்கோணக் கூண்டாக முற்றத்துக்குள் நீட்டி, சுவரைத் திறந்து, அரச பரிவாரம் நின்று வேடிக்கை பார்க்கும் மாடமாக்கிவிட்டார்கள்.

எனக்கு அதைவிட முக்கியமாகப்படுவது ஊரைப் பார்த்த வெளிமுகப்பு. ரோமில் பிரமாந்தே வாட்டிகனுக்காக வடிவமைத்த திறந்த தாழ்வாரங்களை மனதில் வைத்துச் செய்தது. வாட்டிகனில் தாழ்வாரம் நெடுகக் காலாற நடக்கலாம். இங்கே ஒவ்வொரு வளைவும் தனித்தனி மாடம். பக்கத்து மாடத்துக்கு வழியில்லை. ஏனென்றால் பின்னால் பழைய கோட்டை மதில் அப்படியே நிற்கிறது. புது முகப்பை அதன்மேல் ஒட்டவைத்திருக்கிறார்கள். இத்தாலியைச் சரியாகப் புரிந்துகொள்ளாத நகல் என்று இதை ஒதுக்கிவிடலாம். ஆனால் இரண்டு காலங்கள் ஒரே சுவரில் மாட்டிக்கொண்டு முழிப்பதை இவ்வளவு பச்சையாகக் காட்டும் இடம் இந்த அரண்மனையில் வேறு இல்லை.

1635இல் கஸ்தோன் வந்தார், பதின்மூன்றாம் லூயியின் தம்பி. அண்ணனுக்குப் பிள்ளையில்லை, அடுத்த ராஜா நாம்தான் என்ற நினைப்பு. கட்டடக் கலைஞர் பிரான்சுவா மான்ஸாரின் திட்டப்படி பழையது மொத்தமும் போய்விட வேண்டும். பிரான்சுவா பகுதியிலும் ஒரு துண்டு போயிற்று. முன்பு நடுவில் இருந்த படிக்கட்டு இன்று ஓரமாகத் தெரிவது அதனால்தான். 1638 செப்டம்பரில் பதினான்காம் லூயி பிறந்தார். வாரிசுக் கனவு போச்சு, பணமும் நின்றது, வேலையும் நின்றது.

சங்கடம் என்னவென்றால், மான்ஸாரின் பகுதி உண்மையிலேயே அருமையான கட்டடம். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று வகைத் தூண்கள், துளி மிகையில்லாத நிதானம். அது முடிந்திருந்தால் குறையற்ற ஒரு மாளிகை கிடைத்திருக்கும். படிக்கட்டும் மாடங்களும் காணாமல் போயிருக்கும். நல்ல கலை நல்ல கலையை விழுங்காமல் தப்பியதற்குக் காரணம் யாருடைய ரசனையும் இல்லை, ஒரு குழந்தை பிறந்ததுதான்.

பிறகு இது படைவீரர்களின் குடியிருப்பாகி நொடித்துப்போனது. 1840களில் பெலிக்ஸ் துபான் புதுப்பித்தார். எடுத்த வேலையை முடித்தவர் என்றால் இங்கே அவர்தான். பழைய மண்டபத்தின் கூரையில் மின்னும் லில்லிப் பூக்கள் அவர் தீட்டவைத்தவை. பார்க்க வருகிறவர்கள் இடைக்காலம் என்று நினைத்து அண்ணாந்து பார்ப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கற்பனையை. துபான் இல்லாவிட்டால் பார்க்கவே எதுவும் மிஞ்சியிருக்காது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தன் தையலை அவர் மறைத்துவிட்டார். மற்றவர்களின் தையல் வெளியே தெரிகிறது.

போகிறவர்கள் கூரையைப் பார்த்துவிட்டு, பிரான்சுவாவின் சுவர் பாதியில் அறுந்து மான்ஸாரின் சுவரில் முட்டும் அந்த மூலையிலும் கொஞ்ச நேரம் நில்லுங்கள். இந்த அரண்மனையின் கதையை ஒளிக்காமல் சொல்வது அந்த மூலைதான்.