இடைவெளியைச் சுருக்கிய நிரல்

உங்களில் பலருக்கு ஃப்ளாப்பி என்பது ‘சேவ்’ பொத்தானில் இருக்கும் சின்னப் படம், அவ்ளோதான். ஆனால் அந்த வட்டில் தகவல் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தால், அது அச்சுக்கோர்ப்புக்கு ரொம்பப் பக்கத்தில் வரும். ஒரு பக்கத்தில் எத்தனை வரி, வரிகளுக்கு நடுவே எவ்வளவு வெற்றிடம் என்கிற அதே கேள்விதான். அதனால் எஃப்டிஃபார்மட் என்ற பழைய டாஸ் நிரலை ஒரு பிரதியைப் போல வாசித்துப் பார்க்கலாம் என்று நினைத்தேன்.

ஜெர்மனியின் கிறிஸ்டோஃப் ஹோஹ்ஷ்டெட்டர் 1980களின் கடைசியில் எழுதத் தொடங்கிய இலவச நிரல் இது. 3.5 அங்குல வட்டை டாஸின் சொந்த ஃபார்மட் கட்டளை பக்கத்துக்கு 80 தடம், தடத்துக்கு 18 செக்டர், செக்டருக்கு 512 பைட் என்று பிரிக்கும். இரண்டு பக்கமும் சேர்த்து 14,74,560 பைட். எஃப்டிஃபார்மட் செக்டர்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியைச் சுருக்கி 21 செக்டர்களை நுழைக்கும். தடங்களையும் 82 ஆக்கும். கணக்குப் போட்டால் 17,63,328 பைட். அதே வட்டு, அதே காசு, 282 கிலோபைட் கூடுதல்.

எல்லாரும் புகழ்வது இதைத்தான். எனக்கு இங்கேதான் தயக்கம். அந்த இடைவெளி ஒண்ணும் சும்மா விட்டது இல்லை. டிரைவுக்கு டிரைவு சுழலும் வேகம் கொஞ்சம் மாறும். திரும்ப எழுதும்போது ஒரு செக்டர் அடுத்த செக்டர்மேல் ஏறிவிடாமல் காப்பது அந்த வெற்றிடம்தான். மைக்ரோசாஃப்ட்கூட விண்டோஸ் 95 ஃப்ளாப்பிகளில் 21 செக்டர் வைத்தது. ஆனால் அது படிப்பதற்காக மட்டும் கொடுத்த வட்டு, யாரும் அதில் தினம் எழுதப்போவதில்லை. எஃப்டிஃபார்மட் வட்டில் நாம் எழுதுவோம், அழிப்போம், மறுபடி எழுதுவோம். போதாததற்கு, பல கணினிகளில் இந்த வட்டைப் படிக்க எஃப்டிரீட் என்ற துணை நிரல் நினைவகத்தில் இருந்தாக வேண்டும். நண்பரிடம் அது இல்லையென்றால் நீங்கள் கொடுத்த வட்டு அவருக்கு வெறும் பிளாஸ்டிக். ஃப்ளாப்பி கைமாறத்தானே இருந்தது?

இந்த நிரலின் நல்ல பகுதி வேறு இடத்தில் இருக்கிறது. அன்றைய கணினிகள் வழக்கமாக முதலில் ஃப்ளாப்பியைத்தான் தேடும். டிரைவில் வட்டை மறந்துவிட்டு மெஷினைப் போட்டால், இது சிஸ்டம் வட்டு இல்லை, மாற்றிவிட்டு ஒரு விசையை அழுத்து என்று சொல்லி அப்படியே நிற்கும். அப்படிச் சொல்வது வட்டின் முதல் செக்டரில் இருக்கும் குட்டி நிரல். அந்த 512 பைட்டுக்குள் ஹோஹ்ஷ்டெட்டர் தன் நிரலை வைத்தார். சிஸ்டம் இல்லையென்றால் அது தானாகவே ஹார்ட் டிஸ்கிலிருந்து தொடங்கிவிடும்.

எனக்கு இதுதான் அசல் படைப்பு. கூடுதல் இடத்தைப் பயன்படுத்த எதிராளியிடமும் எஃப்டிரீட் வேண்டியிருக்கிறது. இதற்கு எதுவும் வேண்டாம், வட்டோடு சேர்ந்தே போகிறது. எஃப்டிஃபார்மட் என்ற பெயரையே கேள்விப்படாத ஒருவரின் மெஷினிலும் வேலை செய்யும். ஒரு இலவச நிரல் யாருக்கு இலவசம் என்று என்னைக் கேட்டால், 282 கிலோபைட்டை விட்டுவிட்டு இந்த 512 பைட்டைத்தான் காட்டுவேன்.