ராயல்ஸ் (லார்டின் பாடல்)

ராயல்ஸ், நியூசிலாந்துப் பாடகி லார்டின் முதல் தனிப்பாடல். 2013 ஜூனில் இது தனிப்பாடலாக வெளியானபோது அவருக்கு வயது 16. அவ்வாண்டு அக்டோபரில் அமெரிக்காவின் பில்போர்ட் ஹாட் 100 பட்டியலில் முதலிடம் பிடித்து, தொடர்ந்து ஒன்பது வாரங்கள் அங்கேயே நின்றது. ஆடம்பரத்தைப் பாடும் பாப் இசையைக் கேள்வி கேட்ட பாடலாக இது அறியப்படுகிறது. அந்தக் கேள்வியை யார் கேட்கிறார், யாரிடம் கேட்கிறார் என்பதில்தான் பாடலின் வலிமையும் குறையும் உள்ளன.

பின்னணி

லார்டின் இயற்பெயர் எல்லா யெலிச்-ஓ'கானர். 1996இல் பிறந்து ஆக்லாந்தில் வளர்ந்தவர். தாய் சோன்யா யெலிச் ஒரு கவிஞர். 2012ஆம் ஆண்டு பள்ளி விடுமுறையில், இசையமைப்பாளர் ஜோயல் லிட்டிலுடன் இணைந்து இப்பாடலை உருவாக்கினார். நேஷனல் ஜியோகிராபிக் இதழில் கண்ட பழைய ஒளிப்படம் ஒன்று தலைப்பைத் தந்தது. கேன்சஸ் சிட்டி ராயல்ஸ் அணியின் பேஸ்பால் வீரர் ஜார்ஜ் பிரெட், அணியின் பெயர் பொறித்த சட்டையுடன் அதில் இருந்தார்.

வெளியீடு

2012 நவம்பரில் ‘தி லவ் கிளப்’ என்ற குறுந்தொகுப்பில் இப்பாடல் சவுண்ட்கிளவுட் தளத்தில் இலவசமாக வெளியிடப்பட்டது. பல்லாயிரம் பேர் பதிவிறக்கிய பின், 2013 மார்ச்சில் யுனிவர்சல் நிறுவனம் தொகுப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

இதை வைத்து, இணையம் கண்டெடுத்த சிறுமி என்ற கதை பரவியது. அது பாதி உண்மையே. பள்ளித் திறன் போட்டி ஒன்றில் அவர் பாடிய காணொளியைக் கண்ட யுனிவர்சல், பதின்பருவத் தொடக்கத்திலேயே அவரை ஒப்பந்தம் செய்திருந்தது. தொழிலுக்கு வெளியே நின்று பாடுவதுபோல் ஒலிக்கும் பாடல், உண்மையில் தொழிலுக்கு உள்ளே பொறுமையாக வளர்க்கப்பட்டது. இதனால் பாடல் பொய்யாகிவிடாது. ஆனால் இலவச வெளியீட்டைக் கலகமாக மட்டும் பார்ப்பது பிழை. அது நல்ல விற்பனை உத்தியும்கூட.

இசை

விரல் சொடுக்கு, தாளம், ஆழ்ந்த பாஸ் ஒலி, அடுக்கடுக்காகப் பதிவு செய்த குரல் ஆகியவையே பாடலின் பெரும்பகுதி. கிட்டாரோ மின்னும் சிந்தசைசர் அலைகளோ முன்னால் வருவதில்லை. பல்லவியில் லார்டின் குரலே பல குரல்களாகி, தோழிகள் கூட்டமாகப் பாடுவதுபோல் ஒலிக்கிறது. இந்தச் சிக்கனம் வெறும் அலங்காரமல்ல. ஆடம்பரம் வேண்டாம் என்று சொல்லும் வரிகளை, ஆடம்பரம் இல்லாத ஒலி மெய்ப்பிக்கிறது. நடன மேடைக்கான பேரொலிப் பாடல்கள் நிறைந்திருந்த அன்றைய வானொலியில், இந்த வெற்றிடமே கேட்பவரின் கவனத்தை இழுத்தது.

விமர்சனம்

2013 அக்டோபரில் ஃபெமினிஸ்டிங் என்ற பெண்ணியத் தளத்தில் வெரோனிகா பயேட்டி ஃப்ளோரஸ், இப்பாடல் இனவாதத் தன்மை கொண்டது என்று எழுதினார். தங்கப் பற்கள், விலையுயர்ந்த ஷாம்பெயின், மேபாக் கார் என்று பாடல் கேலி செய்யும் பொருள்கள் கறுப்பினத்தவரின் ராப் இசையோடு சேர்ந்தவை என்பது அவர் வாதம்.

ஓட்டல் அறையை அடித்து நொறுக்குவதும் பாடலின் பட்டியலில் உண்டு. அது ராக் இசைக்குழுக்களின் பழைய வழக்கம். எனவே ராப்பை மட்டும் குறிவைத்த பாடல் என்று சொல்ல முடியாது. ஆயினும் கேள்வி முழுவதும் தீர்ந்துவிடவில்லை. பல தலைமுறைகளாகச் செல்வம் மறுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்த பாடகருக்குத் தங்கம் வெற்றியின் அடையாளம். ஆக்லாந்தின் நடுத்தரக் குடும்பத்துப் பெண்ணுக்கோ அது தொலைவிலிருந்து வந்து சேரும் விளம்பரம். இந்த வேறுபாட்டைப் பாடல் கவனிக்கவில்லை. அதில் வரும் ‘நாங்கள்’ எல்லா ஏழைகளையும் குறிப்பதுபோல் ஒலித்தாலும், அது புறநகர் இளையோரின் ‘நாங்கள்’ மட்டுமே.

மதிப்பீடு

2014 ஜனவரியில் இப்பாடல் ஆண்டின் சிறந்த பாடலுக்கான விருது உட்பட இரண்டு கிராமி விருதுகளைப் பெற்றது. அரச வாழ்வு தனக்கு வாய்க்காது என்று பாடியவர், அந்தப் பாடலாலேயே அரங்கின் நடுவே வந்து நின்றார். இதனால், பாடலை ஒரு சமூகக் கொள்கையாகப் படித்தால் அது தளர்ந்துவிடும். தன் ஊர் எந்தப் பாடலிலும் இடம்பெறாததை உணர்ந்த ஒரு பதின்பருவப் பெண்ணின் குரலாகக் கேட்டால், அதன் நேர்மை இன்றும் நிற்கிறது. வானொலியில் கேட்கும் வாழ்வுக்கும் தம் தெருவுக்கும் உள்ள தூரத்தை உணர்ந்த எவருக்கும் அந்தக் குரல் புரியும்.