'நான் வாழவைப்பேன்' காட்டிய மூளைக் கட்டி

குமணன்சாவடி நிறுத்தத்தில் பேருந்துக்குக் காத்திருப்பவர் யாரிடமாவது, "தெரிந்தவருக்கு மூளையில் கட்டி" என்று சொல்லிப் பாருங்கள். "ஐயோ, ஆபரேஷன் செய்தால் கை கால் விளங்காமல் போய்விடுமே!" என்ற பதில் வரக்கூடும். இந்த அச்சத்தை வளர்த்ததில் திரைப்படங்களுக்கும் பங்கு உண்டு. அவற்றுள் ஒன்றை அறிவியல் நோக்கில் பார்ப்போம்.

டி. யோகானந்த் இயக்கத்தில் சிவாஜி கணேசன் நடித்த 'நான் வாழவைப்பேன்' 1979-இல் வெளிவந்தது. 1974-இல் அமிதாப் பச்சன் நடித்து வந்த 'மஜ்பூர்' என்னும் இந்திப் படத்தின் தமிழ் வடிவம் அது. கதாநாயகனுக்குத் தலைவலி, மூளையில் கட்டி என்று தெரிகிறது. வாழ்நாள் சில மாதங்களே. அறுவை செய்தாலோ முடமாகும் ஆபத்து. 'எப்படியும் சாகப்போகிறோம், குடும்பமாவது பிழைக்கட்டும்' என்று எண்ணி, பரிசுத் தொகைக்காகச் செய்யாத கொலைப்பழியை அவன் ஏற்கிறான். பிறகு அறுவை நடக்கிறது, பிழைத்தும் கொள்கிறான்!

வாசகர்களே, இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அறுவையால் குணமாகும் கட்டி என்றால், தொடக்கத்திலேயே அதைச் செய்திருக்கலாமே! கதையின் முடிவே அதன் தொடக்கத்தை மறுக்கிறது. ஆனால் படம் பார்த்தவர் மனத்தில் நிற்பது முடிவன்று; தொடக்கத்தில் எழுந்த பயமே.

மூளைக் கட்டி என்பது ஒரே நோய் அன்று. மூளையின் உறைகளில் தோன்றும் 'மெனிஞ்சியோமா' பெரும்பாலும் புற்றுநோய் அன்று, மெதுவாக வளர்வது. முழுமையாக அகற்றிவிட்டால் பலர் இயல்பாக வாழ்கின்றனர். பிட்யூட்டரிச் சுரப்பியில் வரும் கட்டியை மண்டையைத் திறக்காமல் மூக்கு வழியாகவே எடுக்க முடிகிறது. 'கிளியோபிளாஸ்டோமா' கொடியது. அறுவை, கதிர்வீச்சு, 'டெமோசோலமைடு' மருந்து ஆகிய மூன்றும் தந்தாலும் பெரும்பாலோர் ஓரிரு ஆண்டுகளே வாழ்கின்றனர். ஆகவே எந்த வகை, எந்த இடம் என்று அறியாமல் நாள் குறிப்பது சோதிடமாகுமே தவிர மருத்துவமாகாது. கட்டியின் துணுக்கை நுண்ணோக்கியில் ஆராய்ந்தே வகையை உறுதி செய்கிறார்கள்.

இனி தலைவலிக்கு வருவோம். மண்டை ஓடு விரிந்து கொடுக்காத பெட்டி போன்றது. உள்ளே கட்டி வளர்ந்தால் அழுத்தம் கூடுகிறது. மூளைத் திசுவுக்கு வலியுணர்வு இல்லை. சுற்றியுள்ள உறைகளும் இரத்தக் குழாய்களும் இழுபடுவதாலேயே வலிக்கிறது. ஆனால் தலைவலிகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்குக் கட்டி காரணமன்று. காலையில் மிகுந்து வாந்தியுடன் நாளுக்கு நாள் வளரும் தலைவலி, பெரியவர்களுக்குப் புதிதாக வரும் வலிப்பு, ஒரு பக்கம் கை கால் தளர்வது, பார்வை மங்குவது, பேச்சுக் குழறுவது ஆகியவை தோன்றினால் தாமதம் கூடாது. இவற்றைப் படம் சொல்லியிருந்தால் எத்தனை பேருக்குப் பயன்பட்டிருக்கும்!

படம் வந்த காலத்திலேயே அறிவியல் முன்னே சென்றுகொண்டிருந்தது. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி நரம்பியல் அறுவைப் பிரிவைத் தொடங்கியது 1950-இல். மூளையைக் குறுக்குவெட்டாகப் படம்பிடிக்கும் சி.டி. ஸ்கேன் கருவி, 1971 அக்டோபரில் இலண்டனில் முதல் நோயாளியின் மூளைக் கட்டியைக் காட்டியது. அதற்காக ஹவுன்ஸ்ஃபீல்டும் கார்மாக்கும் நோபல் பரிசு பெற்றது, இப்படம் வெளிவந்த அதே 1979-இல்! இன்று எம்.ஆர்.ஐ. இன்னும் நுட்பமாகக் காட்டுகிறது. பேச்சு, அசைவு ஆகியவற்றுக்கான பகுதிகளுக்கு அருகே கட்டி இருந்தால், நோயாளியை விழித்திருக்கச் செய்து, பேசவைத்தபடியே அறுவை செய்வதும் உண்டு. ஆபத்து அடியோடு நீங்கிவிடவில்லை. ஆனால் பெரிதும் குறைந்திருக்கிறது.

நோயாளியைச் சாகடித்துக் கண்ணீர் வரவழைக்கும் படங்களுக்கிடையே, இப்படம் அவனை அறுவையால் பிழைக்கவைத்தது பாராட்டத்தக்கதே. நம் குறையெல்லாம், அந்த நம்பிக்கையைக் கடைசிக் காட்சிகளுக்கு ஒதுக்கிவிட்டதுதான். திரையில் தாமதித்தவன் பிழைக்கலாம். வாழ்க்கையில் தாமதம் பார்வையையும் உயிரையும் பறிக்கக்கூடும்.

குமணன்சாவடி வழியே செல்லும் பூந்தமல்லி நெடுஞ்சாலையின் கீழ்க்கோடியில்தான் அந்த அரசுப் பொது மருத்துவமனை இருக்கிறது. பயந்து வீட்டில் இருப்பவர் யாரேனும் உங்களுக்குத் தெரிந்தால், அவரைப் பேருந்தில் ஏற்றி அழைத்துச் செல்லுங்கள்.