பழைய மலைச் சைக்கிளுக்கு ஓர் ஓவராயிலிங்

சீட்டைப் பிடித்து மெல்லத் தூக்கினால் முதலில் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். பின்சக்கரம் தரையை விட்டு எழுவது அதற்கப்புறம்தான். இடையில் இருப்பது ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. ஆனால் டிரெஸ்ட்னர் ஹைடே காட்டில் பைன் மர வேர்கள் மேல் வேகமாக இறங்கும்போது, அந்த ஒரு மில்லிமீட்டர் போதும், சைக்கிளின் முன்பாதி ஒரு பக்கமும் பின்பாதி ஒரு பக்கமும் போவதுபோல் இருக்கும். போன வருடம் முழுக்க இந்தச் சத்தத்தோடுதான் ஓட்டினேன்.

என்னுடையது 2011 மாடல். 26 அங்குலச் சக்கரம், அலுமினியச் சட்டம், முன்னால் 120 மி.மீ. அமுங்கும் காற்று ஃபோர்க், பின்னால் 190-க்கு 50 மி.மீ. அளவில் காற்று ஷாக். ஜெர்மனியின் டிரெஸ்டனுக்கு வந்த புதிதில் பழையதாக வாங்கியது. வாரநாளில் நொய்ஸ்டாட் பகுதியின் கருங்கல் தெருக்களில் வேலைக்குப் போக அதுதான். சனிக்கிழமை ஹைடே காட்டுக்கும் அதுதான். நகரத்தை ஒட்டியே கிட்டத்தட்ட 60 சதுர கிலோமீட்டர் காடு. அதன் பழைய பாதைகளுக்கு மரங்களில் சிவப்புக் குறி இட்டு 'மாட்டு வால்', 'வாத்துக் கால்' என்றெல்லாம் பேர் வைத்திருக்கிறார்கள். பார்க்க அழகான காடு. ஆனால் தரையெல்லாம் பொடி மணல். ஈரத்தோடு சேர்ந்தால் அந்த மணல் உப்புத்தாள் மாதிரி. எங்கெல்லாம் ரப்பர் உதடு கொஞ்சம் தளர்ந்திருக்கிறதோ அங்கெல்லாம் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும்.

"புதுசா ஒரு ஃபோர்க் வாங்கிப் போட்டுட வேண்டியதுதானே?" என்று நண்பர்கள் கேட்டார்கள். இந்த வயதுச் சைக்கிளுக்கு அது அவ்வளவு எளிதல்ல. 2013, 2014 வாக்கில் மலைச் சைக்கிள் தொழில் மொத்தமும் 27.5, 29 அங்குலச் சக்கரத்துக்கு மாறிவிட்டது. இன்றைய ஃபோர்க்கின் மேல்தண்டு அடியில் அகன்று ஒன்றரை அங்குலம் வரும். என் சட்டத்தின் தலைக்குழாய் மேலிருந்து கீழ்வரை ஒரே அளவு, ஒன்றேகால் அங்குலத்துக்கும் குறைவான தண்டுக்கானது. அச்சு வேறு, ஹப் அகலம் வேறு. பின் ஷாக்கும் அப்படியே. 2016-க்குப் பிறகு வந்த மெட்ரிக் அளவுகளில் 190-க்கு 50 கிடையாது. ஆக, ஃபோர்க்கை மாற்றினால் சக்கரம் மாற்ற வேண்டும், சக்கரத்தை மாற்றினால் சட்டத்தையே மாற்ற வேண்டும். தேய்ந்த சாமான்களை மட்டும் மாற்றுவது என்று முடிவெடுத்தேன். இந்த விமர்சனம் அந்தச் சாமான்களைப் பற்றியது.

கோவில்பட்டியில் என் பெரியப்பா வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் செய்த ஹெர்குலிஸ் வண்டிகள் பத்துப் பதினைந்து. வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொன்றுக்கும் ஓவராயிலிங். மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் பால்ரஸ் குண்டுகளைப் போட்டு அலசி, செய்தித்தாளில் பரப்பி எண்ணுவது என் வேலை. பின் ஹப்புக்குப் பக்கத்துக்கு ஒன்பது. ஒன்று குறைந்தாலும் எழுந்து தேட வேண்டும். அவர் எனக்குச் சொன்னது: "ஆட்டம் எங்க இருக்குன்னு தெரியாம ஸ்பேனர எடுக்காதடா." டிரெஸ்டனில் எங்கள் அடுக்குமாடியின் நிலவறையில் சைக்கிளைத் தொங்கவிட்டு முதலில் செய்தது அதுதான். வீடியோ காலில் பெரியப்பா. "சீட்டத் தூக்கு. இன்னொரு கைவிரல அந்த ஷாக்கு கண்ணுல வை. டக்குங்குறது விரலுக்குத் தெரியுதா?" "தெரியுது பெரியப்பா, மேல் கண்ணுல." "அப்ப மொதல்ல அதக் கழட்டு."

ஷாக்கின் இரு முனையிலும் இருக்கும் துளையைத்தான் கண் என்கிறோம். அதற்குள் உட்கார்ந்திருப்பது டியூ புஷ் என்ற மெல்லிய உலோக வளையம். எஃகு முதுகு, அதன்மேல் வெண்கலப் படிவம், அதற்கும் மேலே வழுக்கும் டெஃப்லான் பூச்சு. உள்விட்டம் 12.7 மி.மீ., அதாவது அரை அங்குலம். அதற்குள் அலுமினிய ஊசி ஒன்று சுழலும். என் வண்டியில் டெஃப்லான் பூச்சு முழுக்கப் போய் வெண்கலம் மஞ்சளாகத் தெரிந்தது. ஊசியின் நடுவில் நகம் வைத்தால் தட்டுப்படும் அளவுக்குப் பள்ளம். பழைய புஷ்ஷை வெளியே எடுக்கத் தனிக் கருவி விற்கிறார்கள். வைஸும் இரண்டு சாக்கெட்டுகளும் இருந்தால் அது தேவையில்லை: ஒரு பக்கம் புஷ்ஷைத் தள்ளும் அளவுக்குச் சிறிய சாக்கெட், எதிர்ப்பக்கம் புஷ் உள்ளே விழும் அளவுக்குப் பெரிய சாக்கெட். திருகினால் வழுக்கிக்கொண்டு வரும். புதியதை உள்ளே அழுத்தும்போது மட்டும் அது நேராக இறங்குகிறதா என்று கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டும். மேல் கண், கீழ்க் கண் இரண்டுக்கும் புஷ்ஷும் ஊசியும் சேர்த்து ஏறக்குறைய 40 யூரோ ஆனது.

இந்த ஒரு வேலையில் கிடைத்த மாற்றம் வேறு எதிலும் கிடைக்கவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 'டக்' அடியோடு நின்றது. சைக்கிளில் பணம் போட ஒரே ஓர் இடம்தான் உண்டு என்றால் அது இந்தக் கண்தான்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது அளவு. ஊசியின் அகலமும் போல்ட்டின் விட்டமும் சட்டத்துக்குச் சட்டம் மாறும். மாடல் பெயரை நம்பி வாங்காதீர்கள். வெர்னியர் காலிப்பர் வைத்து அளந்து, ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாங்குங்கள். இங்கே ஞாயிறு முழுக்கக் கடை அடைப்பு. சனிக்கிழமை மாலை ஒரு வாஷர் குறைந்தால் திங்கள்வரை வண்டி பிரித்தபடியே கிடக்கும். ஞாயிறன்று நிலவறையில் சுத்தியல் எடுத்தால் அக்கம்பக்கத்தார் வந்து நிற்பார்கள். ஓய்வு நாளை இந்த ஊரார் மதிக்கிறார்கள், நாமும் மதிக்க வேண்டும்.

அடுத்தது பின் சஸ்பென்ஷன் மூட்டுகளில் இருக்கும் பேரிங்குகள். என் வண்டியில் மொத்தம் 10. கழற்றி எடுத்து உள்வளையத்தை இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்துச் சுழற்றிப் பார்த்தேன். நல்ல பேரிங் எண்ணெயில் மிதப்பதுபோல் சுற்றும். இவற்றில் நான்கு படிப்படியாக நின்று நின்று நகர்ந்தன, பழைய ரேடியோவில் ஸ்டேஷன் மாற்றும் குமிழ் மாதிரி. ஒன்று சுற்றவே இல்லை. உறையைக் கிளப்பினால் கிரீஸ் இருந்த இடத்தில் செம்மண் நிறத்தில் துரு.

சக்கர ஹப்பில் அதே ரகப் பேரிங் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடுகிறது. மூட்டில் மட்டும் ஏன் இப்படிச் சாகிறது? சக்கரத்தில் உருண்டைகள் முழு வட்டமும் ஓடுகின்றன. கிரீஸும் கூடவே ஓடுகிறது. சஸ்பென்ஷன் மூட்டு ஒருநாளும் முழுச் சுற்றுச் சுற்றுவதில்லை. சில பாகை முன்னால், சில பாகை பின்னால், அவ்வளவுதான். ஒவ்வொரு அடியும் அதே உருண்டை அதே இடத்தில் வாங்குகிறது. கிரீஸ் ஓரமாக ஒதுங்கிவிடுகிறது, பாதையில் உருண்டைக்கு ஒரு குழி விழுகிறது. அதனால்தான் மூட்டுக்கென்று 'மேக்ஸ்' வகைப் பேரிங் விற்கிறார்கள். உருண்டைகளைப் பிரித்து வைக்கும் கூண்டை எடுத்துவிட்டு அந்த இடத்திலும் உருண்டைகளையே நிரப்பியிருப்பார்கள். பாரம் அதிக உருண்டைகளுக்குப் பங்காகப் போகும். வேகச் சுழற்சிக்கு அது உதவாது. மூட்டில் வேகச் சுழற்சிக்கு வேலையே இல்லை. ஆகவே விலை சற்றுக் கூடினாலும் மேக்ஸையே வாங்கினேன்.

பேரிங்கின் பக்கத்தில் பொறித்திருக்கும் எண்ணைப் படிக்கத் தெரிந்தால் கம்பெனி கிட் தேவையில்லை. 6902 என்றால் கடைசி இரண்டு இலக்கம் துளையின் விட்டத்தைச் சொல்கிறது: 00 என்றால் 10 மி.மீ., 01 என்றால் 12, 02 என்றால் 15. அப்படி 6902 என்பது 15 துளை, 28 வெளிவிட்டம், 7 தடிமன். 6802 அதே துளைதான், ஆனால் 24-க்கு 5, மெலிந்தது. கூடவே 2ஆர்எஸ் என்று இருந்தால் இரு பக்கமும் ரப்பர் உறை. ஹைடே மணலுக்கு அது இல்லாமல் வாங்கவே கூடாது.

இந்த எண்களெல்லாம் உலகம் முழுக்க ஒன்றாக இருப்பதும், துல்லியமான எஃகு உருண்டை ஒரு டீ விலைக்குக் கிடைப்பதும் எனக்குச் சாதாரண விஷயமாகப் படவில்லை. பவேரியாவின் வடக்கே ஷ்வைன்ஃபுர்ட் என்ற ஊரில் ஃபிரீட்ரிஷ் ஃபிஷர் 1883-இல் எஃகு உருண்டைகளை ஒரே அளவாக, உண்மையான கோளமாக அரைக்கும் இயந்திரத்தைச் செய்தார். பேரிங் தொழிலே அங்கிருந்துதான் விரிந்தது. எஃப்.ஏ.ஜி. என்ற பேரிங் கம்பெனியின் பெயரில் இருக்கும் எஃப் அந்த ஃபிஷர்தான். அதே ஊரில் எர்ன்ஸ்ட் சாக்ஸ் 1903-இல் டார்ப்பிடோ என்ற சைக்கிள் ஹப்பைக் கொண்டுவந்தார். சாக்ஸ் கம்பெனியின் சைக்கிள் பிரிவை 1997-இல் வாங்கியது ஸ்ராம் என்ற சைக்கிள் பாகக் கம்பெனி. ராக்‌ஷாக்ஸ் ஃபோர்க்குகள் இன்று அந்தக் குடும்பத்தில்தான். கோவில்பட்டியில் செய்தித்தாள்மேல் நான் எண்ணிய பால்ரஸ் குண்டுக்கும் இந்த நிலவறையில் நான் அழுத்தும் பேரிங்குக்கும் பூர்வீகம் ஒன்று.

அழுத்துவதற்கு மரை போட்ட கம்பி ஒன்று, இரண்டு நட்டு, சரியான அளவு சாக்கெட்டுகள் போதும். பேரிங்கை இரவே ஃப்ரீசரில் வைத்தேன். சட்டத்தின் கூட்டை ஹேர் டிரையரால் கை பொறுக்கும் சூட்டுக்குக் காய்ச்சினேன். அலுமினியம் விரிந்து, எஃகு சுருங்கி, பாதி வேலை தானாகவே முடிந்தது. விதி ஒன்றே: அழுத்தம் வெளிவளையத்தின் மேல் மட்டும் விழ வேண்டும். ஒரு பேரிங்கில் சாக்கெட் நகர்ந்து உள்வளையத்தில் பட்டுவிட்டது. வெளியே எதுவும் தெரியவில்லை. சுழற்றிப் பார்த்தபோது அந்தக் குமிழ்த் தன்மை வந்திருந்தது. புதிய பேரிங்தான், ஆனாலும் கழற்றி எறிந்துவிட்டு வேறு போட்டேன். போல்ட்டுகளுக்கு நீல லாக்டைட் ஒரு சொட்டு, டார்க் ரெஞ்சில் சட்டத்துக்குச் சொன்ன அளவு.

இனி ஃபோர்க். நகரத்துக்குள் ஓட்டுபவர்களுக்கு இதுதான் முதலில் தெரியும். சீல் காய்ந்த ஃபோர்க் பெரிய பள்ளத்துக்கு அமுங்கும். கருங்கல் தெருவின் சின்னச் சின்ன நடுக்கத்துக்கு அசையாது. பத்து நிமிடத்தில் உள்ளங்கை மரத்துப்போகும். எனக்கு அப்படித்தான் இருந்தது.

காற்றை முழுக்க இறக்கிய பிறகு, அடியில் இருக்கும் இரண்டு போல்ட்டுகளை 5 மி.மீ. ஆலன் கீயால் சில சுற்று தளர்த்தி, ரப்பர் சுத்தியலால் தட்டினால் கீழ்க்கால்கள் கழன்று வரும். உள்ளிருந்து வர வேண்டியது சில மில்லி சுத்தமான எண்ணெய். எனக்கு வந்தது காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில், அரை ஸ்பூன்கூடத் தேறாத ஒரு குழம்பு. தூசு சீலுக்கு அடியில் இருக்கும் ஸ்பஞ்சு வளையம் கையில் எடுத்ததும் பொடிந்தது. அந்த வளையம் எண்ணெயில் ஊறியிருந்து மேல்கால்களை ஈரமாகவே வைக்க வேண்டும். தயாரிப்பாளர் 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை இந்த அடிப்பகுதிப் பராமரிப்பைச் செய்யச் சொல்கிறார். இந்த ஃபோர்க்கை எனக்கு முன்பு வைத்திருந்தவரும் நானும் அதைச் செய்யவில்லை. தவறு ஃபோர்க்கினுடையது அல்ல.

பழைய சீலைத் தட்டையான ஸ்பேனரால் நெம்பி எடுத்து, உட்சுவரை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து, ஸ்பஞ்சை எண்ணெயில் ஊறவைத்து, புதிய சீல்களை ஒரே மட்டமாக இறக்கினேன். புதிய எண்ணெய் ஊற்றி, அடி போல்ட்டுகளை 7.3 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினேன். சீல் கிட் 30 யூரோ. ஒரு மதியம் போதும். இதற்கு முன்பு கட்டாயம் பார்க்க வேண்டியது மேல்கால்களின் பூச்சு. நகத்தை மேலிருந்து கீழே ஓட்டுங்கள். எங்காவது தட்டினாலோ, பூச்சு போய் வெள்ளையாக அலுமினியம் தெரிந்தாலோ புதிய சீலுக்குச் செலவு செய்யாதீர்கள். அந்தக் கீறல் ஒரு மாதத்தில் சீலை அறுத்துவிடும்.

பின் ஷாக்கின் காற்று உறையையும் திறந்து சீல் மாற்றினேன். இதில் ஓர் எச்சரிக்கை. காற்றை இறக்கிய பின்னும் ஷாக் அமுங்கிய நிலையிலேயே நின்றுவிட்டால், உள்ளே எங்கோ அழுத்தம் சிக்கியிருக்கிறது என்று பொருள். அதைத் திறக்காதீர்கள், அது பட்டறைக்குப் போக வேண்டியது. நைட்ரஜன் அடைத்த டேம்பர் பகுதியும் வீட்டு வேலை அல்ல. அழுக்கு எண்ணெயைப் பாட்டிலில் சேர்த்து நகராட்சியின் கழிவுச் சேகரிப்பு மையத்தில் கொடுத்தேன்.

எல்லாம் மாட்டிய பின் காற்றளவு. உடை, பை, தலைக்கவசத்தோடு ஏறி உட்கார்ந்து, தண்டின் மேல் இருக்கும் ரப்பர் வளையம் எவ்வளவு நகர்கிறது என்று பார்ப்பதுதான் முறை. பின்னால் 50 மி.மீ. ஓட்டத்தில் 15, முன்னால் 120-இல் 25 என்று வைத்தேன். இந்த ஊரில் இதை வருடத்துக்கு இருமுறையாவது பார்க்க வேண்டும். 30 டிகிரி வெயிலில் அடைத்த காற்று உறைபனியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அழுத்தத்தை இழந்துவிடும். டேம்பர் எண்ணெயும் தடித்துப்போகும். ஜனவரியில் வண்டி தொய்ந்தும் மந்தமாகவும் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இரண்டு சனிக்கிழமைகள், எண்ணெய் உட்பட 160 யூரோ. பட்டறையில் கேட்டபோது சொன்ன மதிப்பீடு இதைப்போல் இரண்டரை மடங்கு. அவர்களுடைய நேரத்துக்கு அது நியாயமான கூலிதான். கருவிகள் எதுவுமே இல்லாதவர்கள் பேரிங் வேலையை அவர்களிடமே கொடுக்கலாம். ஷாக் கண்ணையும் ஃபோர்க் சீலையும் மட்டும் வீட்டில் செய்யலாம் என்பேன்.

மறுநாள் காலை 'மாட்டு வால்' குறியிட்ட பாதையில் இறங்கினேன். வேர்கள் மேல் சக்கரம் போனபோது காதில் கேட்டது சங்கிலியின் சத்தம் மட்டும். முன்பிரேக்கைப் பிடித்து ஹேண்டில்பாரை முன்னும் பின்னும் ஆட்டினால், ஃபோர்க்கின் கீழ்க்கால் புஷ்ஷில் நூலளவு ஆட்டம் இன்னும் விரலுக்குத் தெரிகிறது. அதை மாற்றும் கருவி என்னிடம் இல்லை. நவம்பரில் மழை பிடித்ததும் ஃபோர்க்கைக் கழற்றிப் பட்டறையில் கொடுக்க வேண்டும்.